ஒன்பது நகவெட்டிகள்: திருட்டு வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நீதிபதிகளுக்கு வணக்கம்.

என் அக்காவின் அலமாரியில் ஒன்பது நகவெட்டிகள் இருந்தன. எல்லாமே கடைகளில் எடுத்தவை. ஒன்றில்கூட விலைச்சீட்டு கிழிக்கப்படவில்லை. பிடிபட்ட அன்று அதுபோல் இருபது வாங்கும் அளவுக்குக் கைப்பையில் பணம் இருந்தது. "காசை வைத்துக்கொண்டே திருடியிருக்கிறாள், என்ன திமிர்" என்றார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்தப் பணம்தான் நோயின் அடையாளம் என்பது பிறகு ஒரு மனநல மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. கிளெப்டோமேனியா, அதாவது திருடும் உந்துதலை அடக்க முடியாத மனநோய். புது நோய் ஒன்றும் இல்லை, 1838-இலேயே பிரெஞ்சு மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். பொருள் தேவைப்பட்டு எடுப்பதில்லை, விற்பதற்கும் இல்லை. எடுக்கும்வரை உள்ளே ஓர் இறுக்கம் ஏறிக்கொண்டே போகும், எடுத்ததும் தளரும், வீடு வந்து சேர்வதற்குள் அவமானம் பிடுங்கித் தின்னும். "தும்மல் மாதிரிடா. அடக்கலாம், எவ்வளவு நேரம் அடக்குவ?" என்றாள் அக்கா. ஒருமுறை ஒரு சீப்பைத் திரும்பக் கொண்டுபோய் அதே தட்டில் வைத்திருக்கிறாள். எடுத்தபோது இல்லாத பயம் வைக்கும்போது இருந்ததாம்.

திருடுகிறவர்கள் எல்லாரும் நோயாளிகள் என்று வாதாட வரவில்லை. கடைத்திருட்டில் கைதாகிறவர்களில் 4 முதல் 24 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்கிறது, மனநோய்களைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு. மீதிப் பேருக்கு இல்லை. திட்டமிட்டு, ஆள் சேர்த்துக்கொண்டு எடுப்பது வேறு கணக்கு. மாட்டிக்கொண்டதும் நோய் என்று கதைவிடுகிறவர்களும் உண்டு. அதைப் பிரித்துச் சொல்ல மருத்துவரால்தான் முடியும். அதனால் தேவையில்லாத பொருளை, கையில் காசிருந்தும், திரும்பத் திரும்ப எடுத்தவர் முன்னால் நின்றால், தண்டனைக்கு முன் ஒரு மனநல மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள்.

சிகிச்சை இருக்கிறது. குடியை நிறுத்தத் தருகிற நால்ட்ரெக்ஸோன் மாத்திரை, 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் திருடும் உந்துதலைக் குறைத்தது. 25 பேரிடம் எட்டு வாரம் நடந்த சின்ன ஆய்வுதான். அப்புறம் நடத்தை சிகிச்சை: எடுப்பதாகக் கற்பனை செய்யச் சொல்லி, அதோடு பிடிபடுவதையும் எல்லாரும் பார்ப்பதையும் சேர்த்தே நினைக்கப் பழக்குகிறார்கள். அக்கா இப்போது தனியாகக் கடைக்குப் போவதில்லை.

எடுத்த பொருளுக்குப் பணம் கட்டச் சொல்லுங்கள், கட்டுகிறோம். சிகிச்சையை நிபந்தனையாகவே போடுங்கள். நாங்கள் இரண்டு முறை அபராதம் கட்டினோம். இரண்டு முறையும் ரசீது கொடுத்தார்கள். டாக்டரிடம் காட்டினீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு தம்பி