நிழல் வேறு, இருட்டு வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

இப்போது வரும் டிவி நாடகங்கள் ஒரே இருட்டாக இருக்கின்றன, அழுவது யார் என்றே தெரியவில்லை, பேரன் டிவியை மாற்றச் சொல்கிறான் என்று வாசகர் ஒருவர் நொந்து எழுதியிருந்தார். அவசரப்பட்டு மாற்ற வேண்டாம் ஐயா. 26 வருடம் டிவி நாடகங்களில் லைட்மேனாக இருந்தவன் நான்.

சோகக் காட்சியா, விளக்கைக் குறை என்பது இப்போதைய வழக்கமாகிவிட்டது. நாங்கள் குறைத்தது முழு வெளிச்சத்தை அல்ல. முகத்துக்கு விழும் முக்கிய விளக்கான கீ லைட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மறுபக்கம் அந்த வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிடும் வெள்ளைத் தெர்மகோலைப் பிடித்தபடி நிற்பேன். ஒரு ஜாண் பின்னால் போனால் கன்னத்தில் நிழல் கனக்கும், முன்னால் வந்தால் இளகும். ஒருமுறை, மகன் இறந்த செய்தி கேட்கும் தாயின் குளோசப். கண்ணில் பொட்டுப் போல மின்னுவதற்காகக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு வைத்திருந்தோம். செய்தி வரும் இடத்தில் அதன் வெளிச்சத்தை மெல்ல இறக்கச் சொன்னார் கேமராமேன். அந்த அம்மா முகத்தை அசைக்கவே இல்லை. ஆனால் உயிர் போனது மாதிரி இருந்தது. மற்ற விளக்குகள் எல்லாம் அப்படியே எரிந்துகொண்டுதான் இருந்தன!

காமெடிக் கணக்கே வேறு. 1951-இல் தொடங்கிய அமெரிக்க டிவி காமெடித் தொடர் 'ஐ லவ் லூசி'யை நேயர்களை உட்கார வைத்து, மூன்று கேமராவில் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். ஒளிப்பதிவு கார்ல் ஃபிராய்ண்ட். 'டிராகுலா' என்ற திகில் படத்தை நிழலும் புகையுமாக எடுத்த அதே மனிதர், இங்கே விளக்குகளை மேலே தொங்கவிட்டு செட் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் போட்டார். ஒரு கேமராவுக்கு அழகாக விழும் நிழல் அடுத்த கேமராவுக்கு அசிங்கமாகத் தெரியும். ஷாட்டுக்கு ஷாட் விளக்கை நகர்த்தவும் முடியாது. இன்று ஒரே கேமராவில் எடுப்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, சரி. அதற்காகக் காமெடியிலும் ஜன்னல் வெளிச்சம் மட்டும் போதும் என்றால்? நாங்களும் அப்படி ஒன்று எடுத்தோம். வசனம் பேசுபவர் பளிச்சென்று இருந்தார். அதைக் கேட்டுத் திருதிருவென்று விழித்தவர் சோபா மூலையில் கறுப்பாகக் கிடந்தார். எடிட்டிங் அறையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மறுநாள் அந்த மூலைக்கு ஒரு தெர்மகோல் பிடித்து மறுபடி எடுத்தோம்.

அப்புறம், இப்போது நாடகம் எடுப்பவர்கள், படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் கலர் கரெக்‌ஷன் செய்வது இருட்டறையில், விலை உயர்ந்த மானிட்டரில். நாம் பார்ப்பதோ பட்டப்பகலில், நடுக்கூடத்தில். இயக்குநர்கள் அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை மத்தியானத்தில், ஜன்னலைத் திறந்துவைத்து, சாதாரண டிவியில் போட்டுப் பார்க்கட்டும்.

வாசகர் ஐயா, டிவிக்கு எதிரே இருக்கும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். அப்போதும் முகம் தெரியவில்லை என்றால் பேரனிடம் சொல்லிவிடுங்கள், கோளாறு டிவியில் இல்லை, எங்கள் ஆட்களிடம்தான் என்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லைட்மேன்