ஏசி, ஃபிரிட்ஜ் ஸ்பேர்ஸ் கடைக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

கடை வச்சிருக்க அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

20 வருஷத்துக்கு மேல ஃபிரிட்ஜ், ஏசி வேலை பாக்குறவன் நான். ஐடிஐ எல்லாம் போகல, உங்க கவுண்டர்ல நின்னு டீ குடிச்சுக்கிட்டே கத்துக்கிட்டது தான் பாதி தொழில். என்னை மாதிரி ஆளுங்க இந்த லைன்ல நெறய பேரு, அதனால தான் கம்பெனிக்கோ கவர்மெண்டுக்கோ எழுதாம உங்களுக்கு எழுதுறேன். பழைய ஏசில ஓடுற 22ங்குற கூலிங் கேஸ் (ஆர் 22) வாங்க ஒரு பையன் வந்து "அண்ணே 22 விலை கட்டுப்படியாகல, சீப்பா ஏதாச்சும் குடுங்க"ன்னு கேட்டா நீங்க எடுத்து நீட்டுற கேன் தான் சாயங்காலம் யாரோ ஒருத்தர் வீட்டு பெட்ரூமுக்குள்ள போகுது.

அந்த கேன்ல இருக்குறது 290ங்குற கூலிங் கேஸ், அதாவது ப்ரொப்பேன், நம்ம சமையல் சிலிண்டர்ல பியூட்டேனோட கலந்து வர்ற சாமான் தான். 22ல ஓடுன பழைய ஏசில இத ஏத்துனா கூலிங் வரத்தான் செய்யும், பிரஷரும் கிட்டத்தட்ட அதே மாதிரி தான் காட்டும், கஸ்டமரும் சந்தோஷமா காசு குடுப்பாரு, வந்த வினையே அது தான், அன்னிக்கு ஒன்னும் ஆகாது.

ஒரு கணக்கு சொல்றேன். 10க்கு 10 ரூம், உயரம் 10 அடி. 1 கிலோ 22 பிடிக்கிற மெஷினுக்கு 290 ஒரு 400 கிராம் போதும். அது மொத்தமா லீக் ஆனா 220 லிட்டர் கேஸ் வரும். ரூம் பூரா சமமா கலந்தா 1 சதவீதம் கூட வராது, தீப்பிடிக்க 2.1 சதவீதமாச்சும் வேணும், அப்ப பயமில்லன்னு தோணும். ஆனா ப்ரொப்பேன் காத்த விட ஒன்றரை மடங்கு வெயிட்டுங்க, தரைக்கு எறங்கிரும். கீழ ஒரு அடிக்குள்ளயே நின்னுச்சுன்னா 8 சதவீதம் கிட்ட வந்துரும், 2.1ல இருந்து 9.5 வரைக்கும் நல்லா எரியும். பாய் விரிச்சு படுக்குற உயரம் அது, கொசுவத்தி கொளுத்தி வைக்கிற இடமும் அது தான்.

மூக்க நம்பவும் முடியாது. சமையல் கேஸ்ல நாத்தம் வரணும்னே மருந்து கலக்குறாங்க, கூலிங் கேஸ்ல அது கெடையாது.

நான் 290க்கு எதிரி இல்ல. ஓசோனுக்கு கேடு இல்ல, பூமிய சூடாக்குற கணக்குல 22க்கு 1810ன்னா இதுக்கு வெறும் 3 தான். கம்பெனியிலயே இதுக்குன்னு செஞ்சு வர்ற ஏசில எத்தன கிராம், எவ்ளோ பெரிய ரூம்னு அளவு வச்சு, பொறி வெளிய வராத மாதிரி சுவிட்சு ரிலே எல்லாம் மாத்தி தான் குடுக்குறாங்க. பழைய 22 மெஷின்ல அது எதுவுமே இல்லையே.

ஃபிரிட்ஜ்ல போடுறது 600, அதாவது 600ஏ, ஐசோபியூட்டேன், அதுவும் எரியுற கேஸ் தான். அதுல நானே மாட்டிருக்கேன். சில வருஷம் முன்னாடி ஒரு வீட்டு கிச்சன்ல கூலிங் இல்லாத ஃபிரிட்ஜு, கேஸ் ஏத்துற சார்ஜிங் லைன வெட்டி விட்டேன், புஸ்ஸுன்னு கொஞ்சம் வந்து அடங்குச்சு, சரி காலின்னு நெனச்சு ஃபில்டர கழட்ட பத்தவைக்குற கேஸ் டார்ச்ச வச்சேன். கம்ப்ரசர் ஆயில்ல கரைஞ்சு கெடந்த கேஸ் மெதுவா வந்துட்டே இருந்திருக்கு, குப்புன்னு ஒரு அடிக்கு தீ, புருவமும் கை முடியும் போச்சு, அந்தம்மா போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. கம்ப்ரசர் மேல தீ படம் போட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு, நான் தான் குனிஞ்சு பாக்கல. இப்பல்லாம் நைட்ரஜன் விட்டு லைன கழுவாம டார்ச்ச தொடுறதில்ல, ஃபில்டர டியூப் கட்டர்ல தான் வெட்டுறேன், ஜன்னல் கதவ தொறந்து வச்சுட்டு அடுப்ப அணைக்க சொல்லிட்டு தான் வேலையே.

இன்னொன்னு, 134ங்குற தீப்பிடிக்காத ஃபிரிட்ஜ் கேஸ் போட்டு பழகின பசங்க 600லயும் கேஜ்ல பாசிட்டிவ் பிரஷர் வர்ற வரைக்கும் ஏத்துறாங்க. இதுல சக்‌ஷன், அதாவது கம்ப்ரசர் கேஸ உறிஞ்சுற பக்கம், சாதாரணமா வேக்கத்துல, வெளிக்காத்து பிரஷர விட கம்மியா தான் ஓடும். ஸ்கேல் வச்சு கிராம் கணக்குல தான் ஏத்தணும். வெறும் 30 கிராம் 200 லிட்டர் பெட்டிக்குள்ள கசிஞ்சாலே 6 சதவீதம், உள்ள ஒரு பொறி போதும்.

அதனால கேட்டுக்குறது இது தான். 290, 600 கேன் கேட்டா எந்த மெஷினுக்குன்னு ஒரு வார்த்த கேளுங்க, 22 மெஷினுக்குன்னா குடுக்காதீங்க, "22க்கு பதில் இது"ன்னு நீங்களா சொல்லவே சொல்லாதீங்க. கேன வாசல் வெயில்ல அடுக்காதீங்க, பூஜ வெளக்கு எரியுற ஷெல்ஃபுக்கு கீழயும் வேணாம் (ரெண்டு கடையில பாத்துட்டேன்). அப்புறம் நைட்ரஜன் சின்ன சிலிண்டர் வாடகைக்காவது வைங்க, அது கெடைக்காம தான் பசங்க டார்ச் செட் ஆக்சிஜன வச்சு லீக் டெஸ்ட் பண்றாங்க, கம்ப்ரசர் ஆயிலும் ஆக்சிஜனும் பிரஷர்ல சேந்தா வெடிக்கும், அதுக்கு 290 கூட தேவையில்ல.

ஒரு கேன் வியாபாரம் போகுதேன்னு நெனச்சா, பழைய மெஷினுக்கு 22வே வாங்க சொல்லுங்க, இல்ல மெஷின மாத்த சொல்லுங்க, ரெண்டுலயும் உங்களுக்கு வியாபாரம் தான்.

திங்கக்கெழம கடைப்பக்கம் வர்றேன். 600ல ஒரு கேன் வேணும், என்ன மெஷினுக்குன்னு என்கிட்டயும் கேளுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய கஸ்டமர்