தம்பி மேலே போகுமுன்

பாப்பாவுக்கு,

தம்பியின் யூனிட் சியாச்சினுக்குப் போகிறது என்று தெரிந்ததும் நீ எழுதியதை அம்மாவும் நானும் படித்தோம். ராணுவக் குவாட்டர்ஸில் வளர்ந்த எனக்கே போர் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது, நீங்கள் எப்படி அவனை அனுப்புகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். எனக்கும் அந்த நம்பிக்கை இல்லை, கண்ணு. ஆனால் அவன் நான்கு வருஷத்துக்கு மட்டும் சேர்க்கப்படும் அக்னிவீரனாகக் கையெழுத்துப் போட்டுவிட்டான். மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்தவன் என்ற முறையில், உன் கோபத்துக்குத் தேவையான விவரத்தையும் அவன் உயிருக்குத் தேவையான விவரத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டும் ஒன்றுதான் என்பது படிக்கும்போது உனக்கே தெரியும்.

ராணுவக் குடும்பத்துப் பிள்ளைக்குப் போர் என்பது ஆகஸ்ட் 15 அணிவகுப்பு, மெருகேற்றிய பித்தளை பக்கிள், கேன்டீன் கார்டு, போர் நினைவுத்தூணில் வரிசையாகப் பொறித்த பெயர்கள். 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஜவான்கள் முழங்கும்போது பிள்ளைகளும் கூடவே கத்துவார்கள். அந்தக் கல்லில் பெயர் இருக்கும், நம்பர் இருக்கும், தேதி இருக்கும். எதனால் இறந்தார் என்பது இருக்காது.

சியாச்சினில் சண்டை வந்ததற்குக் காரணம் வரைபடத்தில் விட்டுப்போன ஒரு கோடு. 1949-ல் கராச்சியில் கூடி, காஷ்மீரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே போர்நிறுத்தக் கோடு வரைந்தவர்கள் என்.ஜே. 9842 என்ற புள்ளியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு மேல் யாரும் போய் நிற்கப்போவதில்லை என்ற எண்ணத்தில், அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை என்று எழுதி முடித்துவிட்டார்கள். சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு 1972-ல் குறித்த கட்டுப்பாட்டுக் கோடும் அதே புள்ளியில்தான் நின்றது. 1984 ஏப்ரல் 13-ல் 'மேகதூத்' நடவடிக்கையில் நம் படை பிலாஃபோண்ட் லா கணவாயில் ஹெலிகாப்டரில் இறங்கியது. அன்றிலிருந்து பனியாற்றுக்கு மேற்கே உள்ள சால்டோரோ முகட்டின் உயரங்கள் நம்மிடம், மேற்குச் சரிவுகள் பாகிஸ்தானிடம். 1989 ஜூனில் படைகளைப் பின்னுக்கு நகர்த்துவது பற்றி இரண்டு நாடுகளும் கூட்டறிக்கையே வெளியிட்டன, ஆனால் ஒரு கூடாரம்கூட நகரவில்லை. இப்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை முதலில் வரைபடத்தில் குறித்துக் கையெழுத்திடு என்று நம் தரப்பு கேட்கிறது. கையெழுத்திட்டால் அதை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அந்தத் தரப்பு மறுக்கிறது.

2003 நவம்பரிலிருந்து அங்கே போர்நிறுத்தம். சாவு மட்டும் நிற்கவில்லை. 1984 முதல் நம் படையில் இறந்தவர்கள் 846 பேர் என்று 2012-ல் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. அதில் பெரும்பாலோரை எடுத்துக்கொண்டது உயரமும் குளிரும் பனிச்சரிவும்தான். அதே 2012 ஏப்ரல் 7 அன்று எதிர்ப்பக்கம் கயாரியில் பாகிஸ்தானின் பட்டாலியன் தலைமையகமே பனிச்சரிவில் புதைந்து 140 பேர் போனார்கள். 2016 பிப்ரவரி 3 அன்று 19,600 அடி உயரத்தில் சோனம் போஸ்ட் என்ற காவல் முகாம் மேல் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் 19-வது மெட்ராஸ் பட்டாலியனின் பத்துப் பேர், நான்கு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை மட்டும் ஆறாம் நாள் உயிரோடு தோண்டியெடுத்தார்கள். பிப்ரவரி 11-ல் அவரும் டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அந்தப் பத்துப் பேரையும் அந்த உயரத்தில் நிறுத்தியது எழுதாமல் விட்ட ஒரு வரி. நீ கோபப்பட வேண்டிய இடம் அதுதான், தம்பி இல்லை.

இனி அவனைப் பற்றி. 18,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. அதற்கு மேல் எந்த உடம்பும் நிரந்தரமாகப் பழகிவிடாது. இருக்க இருக்கத் தேயும். பசி போகும், தூக்கம் போகும், எடை குறையும், மறதி வரும். அதனால்தான் மேல் போஸ்ட்டில் சில மாதங்களுக்கு மேல் ஆளை வைப்பதில்லை. ஏறுவதற்கும் கணக்கு உண்டு. 9,000 முதல் 12,000 அடிக்குள் ஆறு நாள், 15,000 வரைக்கும் நான்கு நாள், அதற்கு மேல் போக இன்னொரு நான்கு நாள். முதல் ஆறு நாளில் முதல் இரண்டு நாளும் ஓய்வு மட்டும். மூன்றாம், நான்காம் நாள் சமதரையில் மெதுவாக மூன்று கிலோமீட்டருக்குள் நடை. ஐந்து, ஆறாம் நாளில் ஐந்து கிலோமீட்டர் வரை நடக்கலாம், ஆயிரம் அடி வரை ஏறலாம். இந்தக் கணக்கு சும்மா வந்ததில்லை. 1962 சீனப் போரில் உயரத்துக்குப் பழக்காமல் அவசரமாக மேலே கொண்டுபோய் இறக்கப்பட்ட சிப்பாய்கள் நுரையீரலில் நீர் கோத்து விழுந்தார்கள். பிறகு நம் ராணுவ மருத்துவர்கள் 1,925 சிப்பாய்களுக்கு உயரத்தால் வந்த மலைநோயை ஆராய்ந்து 1969-ல் வெளியிட்டது உலகம் முழுவதும் பாடமானது.

தப்பு பெரும்பாலும் லீவு முடிந்து திரும்பும்போது நடக்கும். ஏற்கெனவே இருந்த இடம்தானே என்று பையன்கள் ஓய்வு நாளில் மூட்டை தூக்குவார்கள், வாலிபால் ஆடுவார்கள். கீழே நாலு வாரம் இருந்துவிட்டால் பழகிய உடம்பு பழையபடி ஆகிவிடும், முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

நுரையீரலில் நீர் கோப்பதை அங்கே 'ஹாப்போ' என்பார்கள். பெரும்பாலும் இரண்டாம் இரவிலிருந்து நான்காம் இரவுக்குள் வரும். வறட்டு இருமல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, படுக்க முடியாமல் எழுந்து உட்காருவது, பிறகு இளஞ்சிவப்பு நுரைச் சளி. மூளை வீங்குவது 'ஹாக்கோ'. நேர்கோட்டில் குதிகாலும் நுனிக்காலும் தொட நடக்கச் சொல்லு, தள்ளாடினால் அதுதான். ஆக்ஸிஜன், மாத்திரை, காற்றடிக்கும் ஹாப்போ பை எல்லாம் நேரம் வாங்கத்தான். கீழே இறக்குவதே வைத்தியம். பனிப்புயலில் ஹெலிகாப்டர் வராது, இரவில் நடத்தி இறக்குவதும் லேசில்லை. ஆகவே சாயங்காலம் தலை வலித்தால் காலைவரை பார்க்கலாம் என்று மறைக்கக் கூடாது. அங்கே மறைப்பதுதான் வீரம் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. அது எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது!

எல்லாத் தலைவலியும் உயரத்தால் வருவதில்லை என்பதையும் அவனிடம் சொல். ஃபைபர் ஹட்டுக்குள் குளிருக்குப் பயந்து எல்லா இடுக்கையும் அடைத்துக்கொண்டு மண்ணெண்ணெய் ஸ்டவ் எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதன் தலைவலியும் குமட்டலும் மலைநோய் மாதிரியே இருக்கும். ஒரே ஹட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் ஸ்டவ்வை அணைத்துவிட்டு வெளியே வர வேண்டும். காற்றுத்துளையைப் பனி மூடிவிடும், ராத்திரியில் இரண்டு முறையாவது குத்தி விட வேண்டும்.

கை, கால் விரல் போவது வேர்வையால். ஏறும்போது வேர்க்கும், நின்றதும் சாக்ஸில் உறையும். வேர்க்காத அளவு உடுத்தி, கொஞ்சம் குளிரும்போதே நடக்கத் தொடங்க வேண்டும், நின்ற உடனே சாக்ஸ் மாற்ற வேண்டும். வெறுங்கையால் துப்பாக்கி இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் அந்தக் குளிரிலும் உறையாமல் நீராகவே இருப்பதால், கையில் பட்டால் அந்த நிமிஷமே தோல் உறையும். ஸ்டவ் நிரப்பும்போதுதான் இது அதிகம் நடக்கும். விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது இன்னும் மோசம். நெருப்பில் காட்டவும் கூடாது, மரத்த தோல் வெந்தாலும் தெரியாது. 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரைமணி வைக்க வேண்டும். மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் உருக்காமல் அப்படியே கீழே வருவது நல்லது, ஒருமுறை உருகி மறுபடி உறைந்த விரல் பெரும்பாலும் மிஞ்சாது. பீடி, கைனிப் புகையிலை ரத்தக்குழாயைச் சுருக்கும். ரம் உள்ளே சூடு ஏறுவது போலத் தோன்றவைத்து, தோல் வழியாக இருக்கிற சூட்டையும் வெளியே விடும்.

கறுப்புக் கண்ணாடியை மேகமூட்டத்திலும் கழற்றக் கூடாது. பனிக்குருடு உடனே தெரியாது, ஆறு மணி நேரம் கழித்து கண்ணில் மணல் கொட்டியது போல வரும்.

காகித வேலை ஒன்று உனக்கு. நம்மூர்ப் பெயரில் இனிஷியல்தான், ராணுவ ரெக்கார்டில் அதை அப்பா பெயராக விரித்து எழுதியிருப்பார்கள். ஆதார், வங்கிக் கணக்கு, நாமினி படிவம் மூன்றிலும் அம்மா பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று சரிபார், இல்லாவிட்டால் இப்போதே திருத்து. அக்னிவீரனுக்குப் பென்ஷன் கிடையாது, அவன் குடும்பத்துக்குக் குடும்பப் பென்ஷனும் கிடையாது. இன்சூரன்ஸ் 48 லட்சம், அவன் சம்பளப் பிடித்தமும் அரசின் பங்கும் சேர்ந்த சேவா நிதி, பணியில் இறந்தால் கருணைத்தொகை, மீதிக் காலச் சம்பளம், பெரும்பாலும் இவ்வளவுதான். அதே பனியில் அதே கயிற்றில் நடக்கிற பழைய ஜவானுக்கும் இவனுக்கும் இந்த வேறுபாடு ஏன் என்று நீ கேட்டால், அதற்கு என்னிடம் நியாயமான பதில் இல்லை.

பார்சல் அனுப்பினால் கண்ணாடி பாட்டில் வேண்டாம். தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும், உதட்டுக்கு வாசலின் சின்ன டப்பா போதும். நாக்கில் ருசி தெரியாமல் போகும், அதற்கு நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் பொட்டலமாகக் கட்டி அனுப்பு.

உடம்பைப் பழக்கும் முதல் ஆறு நாள் தங்கும் லே வந்து சேர்ந்ததும் கூப்பிடுவான். போர் சரியா தப்பா என்று அந்த ஆறு நாளில் அவனிடம் பேசாதே, இறங்கி வந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். தலை வலிக்கிறதா என்றும் கேட்காதே, இல்லை என்றுதான் சொல்வான். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய், எத்தனை சப்பாத்தி என்று கேள். மலைநோயில் முதலில் போவது பசிதான். இரண்டு நாள் சேர்ந்தாற்போல டீ மட்டும் குடித்தேன் என்றால், அப்போதே மெடிக்கல் ரூமுக்குப் போகச் சொல், பிறகு எனக்குப் போன் பண்ணு.

அப்பா