பஞ்சு பறக்கிற மாதம்

கடலூர்
25.6.2025

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

போன வாரம் வீடியோ காலில் நீ சலித்துக்கொண்டது மனசை விட்டுப் போகவில்லை. வாசலெல்லாம் பஞ்சு, பேரனுக்கு ஓயாத தும்மல், கனடாவில் உங்கள் ஊர் ஆற்றங்கரையில் நிற்கும் அந்தப் பாப்ளர் மரங்களை வெட்டித் தள்ளினால் தேவலை என்றாய். அப்படிச் சொல்லாதே அம்மா. பாப்ளரில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தின் மகரந்தம் பஞ்சு வருவதற்கு முன்பே பறந்து முடிந்துவிடும். இப்போது பறப்பது பெண் மரத்தின் விதை. அதனால் தும்மல் வருவது அபூர்வம். இதே ஜூன் மாதத்தில் அங்கே புல்லும் பூக்கிறது; டாக்டரிடம் அந்தப் புல் மகரந்தத்தைப் பற்றிக் கேட்டுப் பார்.

நாலைந்து நாளாக இந்த மரங்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். முப்பது வருஷம் சவுக்கு நாற்று விட்டவனுக்கே வியப்பாக இருக்கிறது. சவுக்கு விதையும் பொடிதான், எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனாலும் காயவைத்து டப்பாவில் போட்டால் சில மாதம் கிடக்கும். பாப்ளருக்கும், அதே குடும்பத்து வில்லோ மரத்துக்கும் விதையின் ஆயுள் ஒன்றிரண்டு வாரம். நனைந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் முளைத்தாக வேண்டும், இல்லையேல் செத்தது. உள்ளே கட்டுச்சோறு எதுவும் கிடையாது. விழுந்த இடத்தில் வெயிலும் ஈரமும் வேண்டும். புல் மூடிய தரையில் விழுந்தால் வீண். ஒரு பெரிய மரம் லட்சக்கணக்கில் பஞ்சை விடுவதற்குக் காரணம் இதுதான்.

அந்த வெறும் மண்ணை யார் தருவது? ஆறுதான். ராக்கி மலைப் பனி உருகி, ஜூனில் உங்கள் ஓல்ட்மேன் ஆறு பெருகி, கரையைச் சுரண்டிப் புது வண்டலைப் போடுகிறது. வெள்ளம் வடியத் தொடங்கும்போது பஞ்சு பறக்கிறது. மேட்டில் ஒட்டிய விதை காய்ந்து சாகும். தண்ணீர் ஓரத்தில் முளைத்ததை அடுத்த வெள்ளம் அடித்துப் போகும். கோடைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுமார் இரண்டடியிலிருந்து ஆறரை அடிக்குள் விழுந்ததற்குத்தான் வழி உண்டு. அதுவும் தண்ணீர் மெல்ல இறங்கினால்தான். ஒரு நாளைக்கு 2.5 சென்டிமீட்டர், நம் கணக்கில் ஒரு அங்குலம். அந்த வேகத்தில் ஈரம் கீழே போனால் வேர் துரத்திக்கொண்டே போகும். மடமடவென்று இறங்கினால் வேர் எட்டிப் பிடிக்காது. 1998இல் ஸ்டூவர்ட் ரூட், ஜான் மஹோனி என்ற இருவர் இதைக் கணக்குப் போட்டு எழுதினார்கள். ரூட் உன் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காரர்தான்.

படித்ததும் என் மேட்டுப்பாத்திதான் ஞாபகம் வந்தது. முளைத்த வாரம் பூவாளியால் காலையும் மாலையும் தெளிப்பேன். பிறகு ஒரு வேளை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் தண்ணீர் காட்டினால் வேர் மேலேயே படுத்துவிடும், ஒரேயடியாக நிறுத்தினால் கருகிவிடும். அங்கே அந்த வேலையை ஒரு ஆறு செய்கிறது.

உனக்குப் பக்கத்து செயின்ட் மேரி ஆற்றில் 1951இல் அணை கட்டி, பாசனத்துக்குத் தண்ணீரைத் திருப்பினார்கள். கீழே இருந்த முதிய மரங்கள் காய்ந்தன, கன்றும் வரவில்லை. 1995 வெள்ளத்துக்குப் பிறகு அணைத் தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து விட்டார்கள். கரையில் மறுபடி கன்றுகள் வந்தன. மதகைத் திருப்புகிற கையில் அவ்வளவு இருக்கிறது. இந்த இடத்தை அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன்.

விதை தவறினாலும் இன்னொரு வழி உண்டு. வெள்ளத்தில் முறிந்த கிளை மண்ணில் புதைந்தால், நம் முருங்கைப் போத்து மாதிரி துளிர்த்துவிடும். வில்லோ குடும்பம் நமக்கும் அந்நியமில்லை. மலையடிவார ஓடைகளில் நிற்கும் ஆற்றுப்பாலை அந்த இனம்தான்.

போன டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்கு அடுத்த நாட்களில், பெண்ணையாறு கரை மீறியதில் நம் பாத்திகள் மண்மூடிப் போனது உனக்குத் தெரியும். தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். புது வண்டலில் கோடு கோடாக ஏதோ முளைத்திருந்தது. தண்ணீர் நின்று நின்று இறங்கிய தடம். அன்றைக்கு என் நாற்று போன துக்கத்தில் உற்றுப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். ஜூலை நடுவில் பேரனைக் கூட்டிக்கொண்டு ஆற்றின் உள்வளைவுக்குப் போ, மணல் திட்டு இருக்கிற பக்கம். கரைக்கு இணையாக, நகத்தை விடச் சிறிய இரண்டிலைக் கன்றுகள் வரிசையாக இருக்கும். அவன் மிதித்துவிடாமல் தூக்கிக்கொள். எத்தனை வரிசை என்று எண்ணி, படம் எடுத்து அனுப்பு. செப்டம்பரில் அதே இடத்துக்கு இன்னொரு தரம் போய்ப் பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா