சால்வையைக் காப்பாற்றிய அக்காவுக்கு நன்றி

குழந்தைகள் மருத்துவரின் அறைக்கு வெளியே என் பக்கத்தில் அமர்ந்திருந்த அக்காவுக்கு இந்த நன்றி. என் மகளுக்குப் போர்த்தியிருந்த கம்பளிச் சால்வையில் ஒரு கண்ணி (பின்னலின் ஒரு வளையம்) நழுவி ஓடிக்கொண்டிருந்ததை முதலில் கவனித்தது நீங்கள்தான். என் மாமியார் தன் கையால் பின்னிய சால்வை அது. அவர் இப்போது இல்லை.

"இழுக்காதே அம்மா, இன்னும் ஓடும்" என்று சொல்லி, நழுவிய கண்ணியில் முதலில் ஓர் ஊக்கை மாட்டினீர்கள். பிறகு உங்கள் பையிலிருந்து நுனியில் கொக்கியுள்ள குரோஷா ஊசியை எடுத்து, அந்தக் கண்ணிக்குள் நுழைத்து, ஏணிப்படிபோல் குறுக்கே கிடந்த இழைகளில் அடியில் இருந்ததைக் கொக்கியில் பிடித்து இழுத்தீர்கள். அது புதிய கண்ணியானது. அடுத்த இழை, அதற்கடுத்தது என்று மேல்வரிசை நோக்கி ஏறினீர்கள். நேர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது இழை எப்போதும் கண்ணிக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள்.

பாதியில் ஊசியை என் கையில் கொடுத்து, "மீதியை நீயே செய்" என்றீர்களே, அதற்குத்தான் பெரிய நன்றி. மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது நீங்கள் கிளம்பிவிட்டிருந்தீர்கள். போன வாரம் என் கணவரின் ஸ்வெட்டரிலும் இப்படித்தான் ஒரு கண்ணி நழுவியது. யாரையும் தேடாமல் நானே சரிசெய்துவிட்டேன். உளமார்ந்த நன்றி, அக்கா.