கசக்கிறது என்று கண் மருந்தை நிறுத்தாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு வரும் கண் தொற்று பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லென்ஸைச் சுத்தமாக வைத்துக்கொள்வது பற்றியெல்லாம் நன்றாகவே சொல்லியிருந்தீர்கள், ஆனால் சொட்டு மருந்தின் பக்கவிளைவுகளை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பலர் தடுமாறுவது அங்கேதான்.

கருவிழித் தொற்றுக்காக நானும் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தைப் போட்டிருக்கிறேன். விட்டதும் எரியும், கொஞ்ச நேரம் பார்வை மங்கும், அப்புறம் தொண்டையில் கசப்பு இறங்கும். கண்ணில் விட்டது தொண்டையில் எப்படிக் கசக்கும் என்று பயந்துபோய் மருந்தையே நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் கண்ணீர்க் குழாய் வழியாக மருந்து இறங்குகிறது, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் கசப்பு நன்றாகக் குறையும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் சொட்டை அடிக்கடி விடும்போது புண் உள்ள இடத்தில் மருந்தே வெள்ளையாகப் படிவதுண்டு, பெரும்பாலும் அது தானாகக் கரைந்துவிடும். ஆனால் அது மருந்தா, பரவும் புண்ணா என்று கண்ணாடியில் பார்த்து நாமே முடிவு செய்ய முடியாது, டாக்டர்தான் பார்க்க வேண்டும். சூடோமோனாஸ் கிருமியாக இருந்தால் ஓரிரு நாளிலேயே கருவிழியை அரித்துவிடும், அந்த நேரத்தில் கசப்புக்காக மருந்தை நிறுத்தலாமா?

இமை வீங்கி, தோல் சிவந்து, அரிப்பு கூடிக்கொண்டே போனால் அது ஒவ்வாமையாக இருக்கலாம், நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த மருந்துகளில் இது அதிகம். அப்போது மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது, போட்டதும் இதமாக இருக்கும் ஸ்டீராய்டு சொட்டுதான். வீட்டில் யாருக்கோ கொடுத்து மிச்சமிருந்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சொட்டை எடுத்து விட்டுக்கொள்கிறார்கள். சிவப்பும் வலியும் சீக்கிரமே குறைகிறது, சரி, குணமாகிவிட்டது என்று நினைத்து மறுபடி லென்ஸ் போடுகிறார்கள், உள்ளே பூஞ்சையோ அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் கிருமியோ இருந்தால் அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், அது பெரும்பாலும் வலிக்காது என்பதால் பார்வை நரம்பு பாதிக்கப்படும்வரை தெரியவே தெரியாது. நீண்ட நாள் போனால் கண்புரையும் வரலாம். கிருமி எது என்று பார்த்து, அழுத்தத்தை அளந்து டாக்டர் கொடுப்பது வேறு, நாமாக எடுத்து விட்டுக்கொள்வது வேறு.

எந்தப் பக்கவிளைவைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும் என்று ஒரு கண் மருத்துவரைக் கேட்டு அடுத்த இதழில் விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
லென்ஸ் அணியும் ஒரு வாசகர்