ஐம்பது நிமிடத்தில் ஓர் அரண்மனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் கொரியாவுக்குக் குழுச் சுற்றுலா விளம்பரங்கள் இப்போது உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. எதை எடுத்துப் பார்த்தாலும் சியோல் நகரின் பழைய இடங்களுக்கு ஒரே நாள்தான். அந்த ஒரு நாளுக்குள் இரண்டு அரண்மனை, புக்சோன் குடியிருப்பு, இன்சாதோங் கடைவீதி, போதாததற்கு ஜின்செங் என்ற மருந்து வேர் விற்கும் கடை ஒன்று. அப்படி ஒரு குழுவோடு போய்வந்தவள் என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் கியோங்பொக்குங் அரண்மனை. எங்களுக்குக் கொடுத்தது ஐம்பது நிமிடம், அதில் பாதி வாசலில் காவலர் மாறும் நிகழ்ச்சியிலேயே போய்விட்டது, மீதியில் பெரும்பகுதி போட்டோ. ஹன்போக் என்ற கொரியப் பாரம்பரிய உடை உடுத்திக்கொண்டு வந்தால் நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால் வாடகைக் கடையிலும் கூட்டம் (நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்லவில்லை). உள்ளே போனதும் குழுவில் ஒரு பெரியவர், "எல்லாம் புதுசா பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கே, நம்ம தஞ்சாவூர் கோயில் முன்னாடி இதெல்லாம் என்ன?" என்றார். பலரும் தலையாட்டினார்கள். அவரைச் சொல்லி என்ன பயன், அது ஏன் புதிதாக இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லையே.

1395இல் ஜொசோன் என்ற கொரிய வம்சத்து அரசர்கள் கட்டிய அரண்மனை அது. 1592இல் ஜப்பான் படையெடுத்தபோது எரிந்துபோய், இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் பாழாகவே கிடந்து, 1860களில்தான் மறுபடி எழுந்தது. 1910இல் நாடே ஜப்பான் கைக்குப் போன பிறகு கட்டடங்களில் பெரும்பாலானவற்றை இடித்தும் பெயர்த்தும் எடுத்துவிட்டு, அரியணை மண்டபத்தை மறைத்துக்கொண்டு நிற்கும்படி 1926இல் தங்கள் ஆட்சித் தலைமையகத்தைக் கட்டி முடித்தார்கள். விடுதலை கிடைத்து ஐம்பதாம் ஆண்டான 1995இல் கொரியர்கள் அதை இடிக்கத் தொடங்கி, மறு ஆண்டு முடித்தார்கள். முன்வாசலான குவாங்வாமுன் இன்னும் பாவம்: ஓரமாகப் பெயர்த்து வைக்கப்பட்டு, கொரியப் போரில் சேதமாகி, 1968இல் கான்கிரீட்டில் கட்டப்பட்டு, கடைசியில் 2010இல்தான் பழைய இடத்தில் மரத்தால் எழுந்தது. ஆக நாம் பார்ப்பது பழையதைப் பாதுகாத்து வைத்த இடமல்ல, பறிபோனதை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிற இடம். இதைப் பேருந்திலேயே பத்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். பேருந்தில் ஓடியதோ வேறு கதை: தமிழ் இளவரசி ஒருத்தி கொரியா போய் ராணியானாள் என்ற வாட்ஸப் செய்தி. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கொரிய நூல் ஒன்றில் 'அயுத' நாட்டு இளவரசி என்று வருகிறது, அது எந்த ஊர் என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை, அவள் கல்லறை என்று காட்டப்படுவது தெற்கே கிம்ஹேயில். சியோல் அரண்மனைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அரியணை மண்டபத்தின் முற்றத்தில் சிறு கற்கள் இரண்டு வரிசையாக நடப்பட்டிருக்கும், எந்தப் பதவிக்காரர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு. கிழக்கில் நிர்வாக அதிகாரிகள், மேற்கில் படை அதிகாரிகள். தரையில் இரும்பு வளையங்கள்கூட உண்டு, வெயிலுக்குப் பந்தல் கட்ட! எங்கள் ஆட்கள் அவற்றை மிதித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள்.

அப்புறம் சாங்தொக்குங். 1405இல் கட்டிய இந்த அரண்மனையை 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல் நிலம் வளைந்த பக்கமெல்லாம் கட்டடத்தையும் வளைத்துக்கொண்டு போன அழகு அங்கே உண்டு. அதன் உயிரே பின்பக்கத் தோட்டம்தான், அதற்குத் தனி டிக்கெட், குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட ஆட்கள் மட்டும். எங்கள் நிறுவனம் முன்பதிவு செய்யவில்லை, முன்கட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஆனால் ஜின்செங் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

புக்சோனில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். சத்தம் பொறுக்க முடியாமல் அவர்கள் முறையிட்டதால் அந்தச் சந்துகளில் நெரிசல் மிகுந்த பகுதிக்குக் காலை பத்து முதல் மாலை ஐந்து வரைதான் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி, மீறினால் ஒரு லட்சம் வோன் அபராதம். எங்கள் குழுவில் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் பேசியவர்களும் இருந்தார்கள்.

பணம் கட்டப்போகிறவர்கள் முன்கூட்டியே கேட்க வேண்டியவை சில உண்டு. கியோங்பொக்குங்குக்குச் செவ்வாய் விடுமுறை, சாங்தொக்குங்குக்குத் திங்கள், உங்கள் சியோல் நாள் எந்தக் கிழமை? பின்பக்கத் தோட்டத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்றா? கடைக்கு எத்தனை மணி நேரம்? சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மதியம் என்ன? (கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ இறாலோ இருக்கும், சும்மா ஊறுகாய் என்று நம்ப வேண்டாம்.) இரண்டு அரண்மனைக்குப் பதில் ஒன்றை அரை நாள் நிதானமாகக் காட்டினால் முழங்கால் வலிக்காரர்களும் பிழைப்பார்கள். விளம்பரம் வெளியிடும்போது ஒவ்வோர் இடத்துக்கும் எவ்வளவு நேரம், கடைகளுக்கு எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று நீங்கள் ஒரு நிபந்தனை வைத்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி